தேன்கூடு விழுந்த சுவர்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது டீச்சர். டீச்சர்தானே நீங்கள்? முந்தானையில் சிவப்பு மை பட்டிருப்பதைப் பார்த்துத்தான் கேட்டேன். நான் ஆறாவதோடு நின்றுவிட்டவள். எதையும் வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. "நீ நடுவுலருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஓடுவே" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். சாதாரண விஷயமென்றால் பரவாயில்லை. இதைத் தப்பாகச் சொன்னால் அவருக்கு ஆபத்து. சரியாகச் சொன்னாலும் அவருக்கு ஆபத்துதான். அதனால்தான் யோசிக்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். எந்த ஊர் என்றீர்கள், வன்னிக்குடா என்றேன். உடனே, "அணு உலை ஊரா? பயமா இல்லையா?" என்றீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். பழகிப்போச்சு என்று சொல்லிவிட்டு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்றைக்கு அப்படித் திரும்ப முடியவில்லை. மானாமதுரைக்கு, மகள் வீட்டுக்குப் போகிறேன். நாகஜோதி என்று பெயர். நிறைமாதம். மடியில் வைத்திருக்கும் தூக்கில் அவளுக்குப் பிரசவ மருந்து இருக்கிறது. வறுத்து இடித்து எடுத்துப் போகிறேன். தலைப்பிரசவத்துக்கு மகள்தானே தாய் வீட்டுக்கு வரவேண்டும், தாய் ஏன் மருந்தைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரிச்சாமி கொத்தனார் என்றால் எங்கள் பக்கம் தெரியும். பூச்சு வேலையில் அவர் கையை மிஞ்ச ஆள் கிடையாது. மட்டப்பலகையை ஒருமுறை இழுத்துவிட்டார் என்றால் சுவர் கண்ணாடி மாதிரி நிற்கும். உலை கட்டும்போது எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். மண் சுமந்தார்கள், கம்பி கட்டினார்கள். இவரை அந்த மாதிரி வேலைக்கெல்லாம் கூப்பிடவில்லை. இவருக்கென்று தனியாக ஒரு வேலை வைத்திருந்தார்கள்.

எனக்கு அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய சுவர் எழுப்பும்போது உள்ளே கம்பியை நெருக்கமாகக் கட்டியிருப்பார்கள், விரல் நுழையாத அளவுக்கு. ரெண்டு பக்கமும் பலகை அடித்து நடுவில் கான்கிரீட்டை ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற ஒரு மெஷினை உள்ளே விட்டு அதிரவைக்க வேண்டும். அப்போதுதான் கலவை இண்டு இடுக்கெல்லாம் இறங்கும். கலவை லாரி நேரத்துக்கு வராது. வந்தால் மெஷின் ஓடாது. மெஷின் ஓடினால் அதைப் பிடிக்கிற பையன் சாப்பிடப் போயிருப்பான். வெயிலில் கலவை இறுகிப்போகும். பிறகு பலகையைப் பிரித்துப் பார்த்தால் சுவரில் குழிகுழியாக ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைத்தான் தேன்கூடு விழுந்திருக்கிறது என்பார்கள்.

தேன்கூடு விழுந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். மேலே சொல்ல வேண்டும். பார்க்க வருவார்கள். கெட்டதையெல்லாம் உடைத்தெடுத்துக் கழுவி மறுபடி ஊற்றச் சொல்வார்கள். அதற்கு நாளாகும். நாளானால் காண்ட்ராக்டர் பின்தங்கிப்போவார். அதனால் பார்க்கிறவர்கள் வருவதற்கு முன்னாலேயே, "கூரிச்சாமியைக் கூப்பிடு" என்பார்கள்.

இவர் போய்ப் பூசிவிட்டு வருவார். பூசினது தெரியவே தெரியாது. பூச்சு மேல் பலகையின் தழும்பு மாதிரி ஒரு கோடு வேறு இழுத்துவிடுவார். கான்கிரீட்டே அப்படி விழுந்த மாதிரி இருக்கும். காண்ட்ராக்டர் ஆள் சேகரன் சார் என்று ஒரு இஞ்சினியர். அவர் இவர் தோளில் கைபோட்டு, "உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன் கொத்தனாரே" என்பாராம். சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன். தண்ணீர்க் குழாயடியில், "எங்க வீட்டுக்காரர் இல்லாம அங்க ஒரு சுவர் நிக்காது" என்று நான் சொல்லியிருக்கிறேன். பெருமைக்குத்தான் சொன்னேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "இன்னைக்கு ஒரு குழி பாத்தேன் பூமயிலு. கை முழங்கை வரைக்கும் உள்ள போயிருச்சு. கம்பி சில்லுன்னு இருந்துச்சு."

"அவ்வளவு ஆழத்தையுமா பூசுனீக?"

"அவ்வளவையும் எப்படிப் பூசுறது? சாக்கும் கல்லும் திணிச்சு வாயை மூடுனேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்டச் சொல்ல? அவுகதானே என்னையக் கூப்பிட்டது." சொல்லிவிட்டுச் சிரித்தார். ரசம் கேட்டார்.

அது என்ன சுவர் என்று கேட்டேன். உலைக்குள் எரிந்து முடிந்த கம்பிகளை ஆற வைக்கிற தண்ணீர்த் தொட்டியின் சுவராம். வருஷக்கணக்காக அந்தத் தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டுமாம். "உள்பக்கம் தகடு அடிப்பாக. ஒண்ணும் ஆகாது" என்றார். சரி, தகடு அடிப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் கடல் பக்கத்துச் சுவர் ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் பொரிந்துபோய் அதிலும் குழிகுழியாக விழுந்தது. அதையும் இவர்தான் பூசினார். அதே கை, அதே மட்டப்பலகை. முதல் மழைக்குப் பூச்சு தோசை மாதிரி சுருண்டு வந்து என் சோற்றுப் பானையில் விழுந்தது. நான் கேட்டேன், "அங்கயும் இப்படித்தானே பூசுனீக?" என்று. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது நம்ம கடைச் சிமெண்டு. அங்க மருந்து கலந்தது. வெளிநாட்டு மருந்து. இரும்பு மாதிரி பிடிக்கும். அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மருந்து என்றால் மருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உலை ஓட ஆரம்பித்தது. வருஷங்கள் போயின. எப்போதாவது புஸ்ஸென்று ஆவி விடுகிற சத்தம் கேட்கும். குழந்தைகள் அழும். பிறகு அதுகளும் அழுவதில்லை. நாகஜோதியை மானாமதுரையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை மலைராசு தங்கமான பிள்ளை. செல்போன் கடை வைத்திருக்கிறார். ரெண்டு வருஷம் இல்லாமல் இருந்து இப்போதுதான் தரித்திருக்கிறாள். கேள்விப்பட்ட அன்றைக்கு நான் அந்தச் சுவரை நினைக்கவே இல்லை. கடல் பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டுவிடலாம், காற்று நன்றாக வரும் என்றுதான் நினைத்தேன்.

அவளுக்கு ஆறாவது மாதம் நடக்கும்போதுதான் சேகரன் சார் மறுபடி ஆள் அனுப்பினார். உலை ஓட ஆரம்பித்த பிறகு இவரைக் கூப்பிட்டதே இல்லை. "கொத்தனாரே வந்தாத்தான் ஆகும்" என்றார்களாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பூசுகிற பழைய கரணையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாத நீலச் சட்டை.

"உங்க சட்டை எங்க?"

"அங்கேயே வாங்கிக்கிட்டாக. அழுக்காயிருச்சு, இதைப் போட்டுக்கங்கன்னு புதுசு கொடுத்தாக. செருப்பும் புதுசு, பாத்தியா? கரணையக்கூட அங்கேயே வச்சுக்கிட்டாக. வேற கரணை தர்றாகளாம்."

டீச்சர், பூச்சு வேலைக்குப் போய்ச் சட்டை அழுக்காகாமல் யாராவது வந்திருக்கிறார்களா? எங்கள் வாழ்நாளில் யாராவது அதற்காகப் புதுச் சட்டை கொடுத்திருக்கிறார்களா?

நான் மெதுவாகக் கேட்டேன். என்ன வேலை என்று. அந்தத் தொட்டிச் சுவர்தானாம். வெளிப்பக்கம் ஒரு இடத்தில் ஈரம் பூத்திருக்கிறதாம். "வேர்வை மாதிரி. நம்ம சமையக்கட்டுச் சுவர் மாதிரிதான்" என்றார். நாலைந்து கொத்தனார்களை வைத்துக்கொண்டு ஒருவர் போய்க் கொஞ்சம் பூசினதும் வெளியே வா என்பார்களாம். உடனே அடுத்தவர் போவார். அவரும் கொஞ்சம் பூசினதும் வெளியே வா. "ஏன் அப்படி?" என்று கேட்டேன். "உள்ள புழுக்கம். நம்மளைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு பாக்குறாக. முன்ன மாதிரி இல்ல, இப்ப நல்ல மரியாதை" என்றார்.

அவருக்கு நிஜமாகவே அது மரியாதையாகத்தான் தெரிந்தது. நான் அந்த நீலச் சட்டையைக் கையால் தொடவில்லை. குச்சியால் எடுத்துக் கொடியில் போட்டேன். "என்ன, செத்த பாம்பைத் தூக்குற மாதிரி தூக்குறே?" என்று சிரித்தார். புதுச் சட்டையில் ஒன்றும் இருக்காது, பழையதைத்தானே வாங்கிக்கொண்டார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்க வேண்டுமே.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மகள் எங்கள் வீட்டுக்கு வருவாள். பெற்று, மூன்று மாதம் இருப்பாள். பச்சைப் பிள்ளை அந்தக் காற்றைக் குடிக்கும், அந்தத் தண்ணீரில் குளிக்கும். தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதைத்தான் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? பக்கத்து வீட்டுச் சந்தனமாரியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் மகளும் தலைப்பிரசவத்துக்கு வந்து இருந்தாள்.

"ஏத்தா, பிள்ளைத்தாச்சிக்கு நம்ம ஊரு ஆகுமா?"

"ஏன், நம்மளையெல்லாம் வேற ஊர்லயா பெத்துப் போட்டாக?" என்றாள். "கரண்டுப் பிள்ளையாப் பொறந்தா நல்லதுதான் மதினி, வெளக்குச் செலவு மிச்சம்." தன் பகடிக்குத் தானே சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு ஊரில் குறைகேட்புக் கூட்டம் போட்டார்கள். பந்தல், நாற்காலி, ஆளுக்கொரு மோர் பாக்கெட். உலையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். சாந்தமான முகம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், பயப்பட வேண்டாம் என்று மைக்கில் சொன்னார். ரோடு கேட்டார்கள். தெருவிளக்கு கேட்டார்கள். படகுத் துறைக்கு அலைத் தடுப்பு கேட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகே நீட்டினார்கள். என் மூச்சுச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.

"சார், சுவத்துல ஓட்டை இருக்கு சார்."

"எந்தச் சுவரும்மா?"

ஆண்கள் பக்கம் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதிகாரிக்குப் பக்கத்தில் சேகரன் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. தண்ணீரில் இறங்கப் போகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் பூசின சுவர் சார். உள்ள கை போகும் சார். மேலதான் பூச்சு. தண்ணி கசியுது."

பந்தலே சிரித்தது. "கொத்தனார் பூச்சைக் கொத்தனார் பொண்டாட்டியே குத்தம் சொல்லிட்டாப்பா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சேகரன் சார் குனிந்து அதிகாரியின் காதில் சொன்னார். அதிகாரியின் மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அவங்க வீட்டுச் சமையலறைங்க சார். கடலோரம், உப்பு அரிச்சிருக்கு. கொத்தனார் நம்ம பழைய ஆளுதான்."

அதிகாரி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கவலைப்படாதீங்கம்மா. நம்ம சிமெண்டுலயே சரி பண்ணித் தரச் சொல்றேன்."

கை தட்டினார்கள் டீச்சர். நான் இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மைக்கை அடுத்த ஆளிடம் கொண்டு போய்விட்டார்கள். சந்தனமாரி என் சேலையைப் பிடித்து இழுத்து, "அதான் தர்றேன்னுட்டாரே, உக்காரு மதினி" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். மோர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். என்னை அடித்ததே இல்லை அவர், அன்றைக்கும் அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "யாரை மொதல்ல பிடிப்பாகன்னு யோசிச்சியா?" என்றார். "ஊத்துனவனை விட்டுட்டுப் பூசுனவனைத்தான்டி பிடிப்பாக. அது என் கைவேலைன்னு ஊருக்கே தெரியும். நீதானே குழாயடியில சொன்னே?"

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சொன்னபடியே சிமெண்டு வந்தது. மூட்டையோடு ஒரு டப்பாவில் அந்த மருந்தும் வந்தது. பூசுவதற்கு ஆளாக யாரை அனுப்பினார்கள் தெரியுமா? இவரைத்தான். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுச் சுவரைத் தானே பூசினார். முடிந்ததும் சேகரன் சார் உலையின் பெயர் போட்ட ஒரு துணிப் பதாகையைச் சுவரில் மாட்டி, என்னை அதன் முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். "சிரிங்கம்மா" என்றார். போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார், "எனக்கும் பிள்ளைங்க இருக்காங்கம்மா. எங்க குடியிருப்பும் உலைக்குப் பக்கத்துலதான்." அதை ஏன் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்குத் தைரியம் சொன்னாரா, அவரும் பயந்து புலம்பினாரா?

சுவர் நன்றாகத்தான் இருந்தது. வழுவழுவென்று. மருந்து கலந்தது, இரும்பு மாதிரி பிடிக்கும் என்று நினைத்து நானும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தேன். கொத்தனார்கள் பூச்சு காய்ந்த பிறகு விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கல்லைத் தட்டுகிற மாதிரி இருக்கும். பிடிக்காமல் மேலாக நின்றால் டொப்பென்று தேங்காய் ஓடு மாதிரி கேட்கும். அவர் இல்லாத நேரத்தில் தட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே டொப். ஜன்னலோரம் டொப். கீழே கல் மாதிரி இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டுக் கொஞ்சம் தள்ளித் தட்டினால் அங்கேயும் டொப். அதே சிமெண்டு, அதே மருந்து, அதே கை. இனி என்ன சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்வேன்?

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். சீனியம்மாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், வாய் கொஞ்சம் நீளம்.

"மதினி, பிரசவத்தை அங்கயே வச்சுக்கிட்டா என்ன? மானாமதுரையில பெரியாஸ்பத்திரி பக்கம். நான் வந்து கூடவே இருந்து பாக்குறேன்."

"ஏன் மதினி, தலைப்பிரசவம் பாக்க மனசில்லைன்னா நேராச் சொல்லிருங்க. ஆஸ்பத்திரி மேல ஏன் போடுறீக?" என்றாள்.

"இல்ல மதினி, உலைக்குப் பக்கமா இருக்குன்னு பயமா..."

"அப்ப, பொண்ணு கொடுக்கும்போது உலை எங்க இருந்துச்சு? இருவது வருசம் அந்தக் காத்தைக் குடிச்ச பிள்ளையைத்தானே எங்க தலையில கட்டுனீக? ஏதாவது கோளாறு கீளாறு இருந்தா இப்பவே சொல்லிருங்க."

மேலே ஒரு வார்த்தை பேசினால் என் மகள் வாழ்க்கைக்கே வினையாகிவிடும். "சும்மா கேட்டேன் மதினி" என்று சிரித்து மழுப்பினேன். அதோடு விட்டதா? நாகஜோதி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்? எங்கூட வேலை பாக்குற பிள்ளைக எல்லாம் அம்மா வீட்டுக்குப் போறாக. என்னைய மட்டும் ஏன் வர வேண்டாங்குறே?" காரணத்தை அவளிடம் சொல்லலாமா? வயிற்றுப் பிள்ளைக்காரியிடம், உங்கள் அப்பா மூடின குழி கசிகிறது என்று சொன்னால் அவள் மிச்ச மாதங்களை எப்படிக் கழிப்பாள்? "வாத்தா, ராசாத்தி மாதிரி வா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆக, வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. வளையல் போட்டு, சோறு கொடுத்து, அன்றைக்கே கையோடு மகளைக் கூட்டி வர வேண்டும். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய சனம் கிளம்பினோம். சந்தனமாரியும் வந்தாள். அவள் மகள் வீட்டில் வலியை எதிர்பார்த்துப் படுத்திருந்தாள். "ஒரு எட்டுத்தானே, போய் வளையல் போட்டுட்டு வந்திர்றேன்" என்று வந்தாள். வழியெல்லாம் பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். சேகரன் சாரையும் இவர் அழைத்திருந்தார். அவர் தனியாகக் காரில் வந்து, பூவும் வெள்ளிக் கிண்ணமும் கொடுத்துவிட்டு ஆண்களோடு உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நாகஜோதியை உட்காரவைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசி, ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் ஏற்றினார்கள். அவள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வரப்போகிற சந்தோஷம் அவளுக்கு. ஏழு வகைச் சோறும் கொடுத்து முடிந்தது. "நல்ல நேரம் போகுது, எந்திரி தாயீ, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நடையிறங்கு" என்றார்கள். வாசலில் வேன் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டான்.

அவள் கையை நீட்டினாள். வளையலெல்லாம் சரிந்து குலுங்கியது. நான் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

எனக்குச் சாமி வந்துவிட்டது டீச்சர்.

வந்ததா, நானே வரவழைத்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். எங்கள் பெரிய நாத்தனார் மேல் ராக்காச்சியம்மன் இறங்கி ஆடுவாள். பார்த்துப் பார்த்து எனக்குத் தெரியும். கொண்டையை அவிழ்த்தது நான்தான். நாக்கைத் துருத்தியதும் நான்தான். அதற்குப் பிறகு என் தொண்டையிலிருந்து வந்த குரல் என்னுடையது மாதிரி இல்லை. உடம்பு அப்படி நடுங்கியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு நொடியில் எழுந்து நின்றார்கள். என்னைத் தூக்கி எறிந்து பேசின சீனியம்மாள் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் கிடந்தாள்.

"யாரு தாயீ வந்திருக்கிறது?"

"ராக்காச்சிடா!"

இவர் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து மண்டியிட்டார். "எங்களை என்ன செய்யச் சொல்றே தாயீ?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவருக்குத் தெரியாதா? அந்தத் தட்டை அவர் ஏன் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

"என் பிள்ளை கடக்காத்துப் படாமப் பொறக்கணும்" என்றேன். "கரைக்குக் கொண்டு போனீக, நான் பொறுக்க மாட்டேன். பொறந்து நடை பழகுற வரைக்கும் கரை மண்ணை மிதிக்கக் கூடாது."

ஒருவர் எதிர்த்துப் பேசவில்லை டீச்சர். மைக் வைத்துப் பேசியபோது சிரித்த சனம்தான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "உன் வாக்குப்படியே தாயீ. இங்கயே வச்சுக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன்" என்று சீனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சேகரன் சார்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். திருநீறுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். நாகஜோதி பயந்துபோய் நின்றாள். மாப்பிள்ளை அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அவ்வளவுதான், நினைத்தது முடிந்துவிட்டது. நான் அத்தோடு நின்றிருக்க வேண்டும். உடம்பு நடுங்குவது நிற்கவில்லை.

அப்போது சந்தனமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எப்போதும் பகடி பேசுகிறவள். அன்றைக்கு முகத்தில் சிரிப்பே இல்லை. முந்தானையை ஏந்தினாள்.

"எம்மகளும் கரையிலதானே படுத்திருக்கா தாயீ. எம்பிள்ளைக்கும் ஒரு வாக்குச் சொல்லு. அந்தக் காத்துல என்ன இருக்கு தாயீ? எங்க ஊருக்கு என்ன வருது? சொல்லு."

வேனில் வந்த சனம் அத்தனையும் கையைக் கூப்பிக்கொண்டு என் வாயையே பார்த்தது. சேகரன் சார் நெற்றியில் திருநீறோடு நின்றார். எங்கள் வீட்டுக்காரர் கையில் சூடம் எரிந்துகொண்டே இருந்தது. நான் எது சொன்னாலும் அன்றைக்கு நம்பியிருப்பார்கள். சுவர் என்று சொன்னால் எந்தச் சுவர் என்று கேட்பார்கள். யார் பூசினது என்று கேட்பார்கள்.

நான் மலையேறிவிட்டேன். பல்லைக் கிட்டித்துக்கொண்டு அப்படியே பின்னால் விழுந்தேன். யாரோ பிடித்தார்கள், யாரோ தண்ணீர் தெளித்தார்கள். "சாமி மலையேறிருச்சு, இனிக் கேட்டுப் பிரயோசனமில்ல, வாங்க, ஊர் போய்ச் சேருவோம்" என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக நடையிறங்குகிற சத்தம் கேட்டது. வேன் கிளம்பிப் போகும் வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.